மூன்றாவது கை

என் அக்கா பதினெட்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். புருஷனிடம் கற்றுக்கொள்ளப் போய் நடுரோட்டில் சண்டை போட்டு இறங்கியவர்கள், நாற்பது வயது வரை ஸ்டியரிங்கைத் தொடவே பயந்தவர்கள், மூன்று முறை தேர்வில் தோற்றவர்கள் எல்லாரும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேர்வார்கள். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ரெண்டாவது பிரேக்'. பயிற்சி வண்டியில் ஆசிரியர் உட்காரும் இடது இருக்கைக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் ஆசிரியர் அதை மிதிப்பார். அக்கா மிதிப்பது யாருக்கும் தெரியாது. வண்டிக்கே புத்தி வந்து நின்றுகொண்ட மாதிரி இருக்கும் என்பார்கள்.

வண்டியின் இடது பக்கம் முழுவதையும் அவள் உடம்பாலேயே உணர்ந்தாள் என்றுதான் நினைக்கிறேன். சந்துக்குள் நுழையும்போது கண்ணாடியைப் பார்க்கமாட்டாள். தோளை லேசாகச் சுருக்குவாள், அவ்வளவுதான். "சுவத்துக்கும் நமக்கும் நாலு விரல் இருக்கு, போ" என்பாள். இறங்கிப் பார்த்தால் நாலு விரல்தான் இருக்கும். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பார்வை சோதித்து, லென்ஸ் தேய்த்து, சட்டத்தில் பொருத்துவது என் தொழில். ஒரு மில்லிமீட்டருக்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவள் நான். அக்காவோ பார்க்காமலேயே நாலு விரல் என்பாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தது. மாமா, அதாவது அவள் கணவர், தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர். குழந்தைகள் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் இருந்தேன். எங்கள் மூவருக்கும் பேசுவதற்கு இருந்த ஆள் அக்காதான். மாமாவும் நானும் கேட்கிற ரகம்.

அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்தே தலைவலி என்று சொல்லியிருக்கிறாள். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். முதல் பாடம் ஒன்பது மணிக்கு. படிக்க வந்தது தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் ஒரு பெண். ஆறாவது நாள் பாடம். நடந்ததை அந்தப் பெண்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

ஒரு பழைய கிடங்கின் நீளமான சுற்றுச்சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் ஒதுங்கியது. ஆறாம் நாள் ஆள்தானே, அவளுக்கு அது தெரியவில்லை. டீச்சர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை வேறு. திடீரென்று பெரிய கிறீச்சல். இடது கண்ணாடி உடைந்து தெறித்தது. கதவு முழுக்கச் சுவரில் உரசிக்கொண்டே போனது. பிரேக் விழவில்லை. அக்கா முன்னால் பார்த்தபடி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாளாம். "நல்லா போறே. இப்படியே போ. என்ன சத்தம் அது, எங்கேயோ இரும்பு அறுக்கறாங்க போல."

அந்தப் பெண்ணே எப்படியோ வண்டியை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தால், டீச்சரின் இடது கை இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே விழுந்து தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லையே, நீ கியரை மாற்று என்றிருக்கிறாள் அக்கா.

அவளைப் பாராட்ட வேண்டும். அதுவரை தனியாக ஒரு தெருவைக்கூடத் தாண்டாதவள், இரண்டாம் கியரிலேயே ஆஸ்பத்திரி வரை ஓட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அக்கா பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். கிளட்ச்சை விடு, விளக்கைப் பார், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்று எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு முனையிலும் வலப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்றாள். அதைக் கேட்டு ஒரே ரவுண்டானாவை இரண்டு தடவை சுற்றிய பிறகுதான் அந்தப் பெண் டீச்சர் பேச்சைக் கேட்பதை நிறுத்தினாள்.

அடுத்து நடந்ததை என்னால் இன்னும் யாரிடமும் நிதானமாகச் சொல்ல முடிந்ததில்லை. வரவேற்பு மேசைக்கு அக்கா அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். பார்க்கிறவர்களுக்கு அவள்தான் அந்தப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு வருவதாகத் தெரிந்திருக்கிறது. மேசையில் இருந்தவர்களிடம் அக்காவே பேசினாள். இந்தப் பொண்ணு வண்டியச் சுவத்துல இடிச்சுட்டா, பாவம் பயந்து போயிருக்கா, கொஞ்சம் பாருங்க என்றாள். அவர்கள் அந்தப் பெண்ணைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எனக்கு இல்லை, டீச்சருக்குத்தான் என்று அவள் அழுதாள். அது பயத்தில் வருகிற அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள். இருந்தாலும் ஒரு பேச்சுக்கு அக்காவிடமும் பெயர், வயது, கிழமை, வீட்டுக்காரர் போன் எண் எல்லாம் கேட்டார்கள். கேட்ட மாத்திரத்தில் டாண் டாண் என்று பதில் வந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெண் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்து, அவர்கள் மாமாவைத் தேடிப் பிடித்து, மாமா எனக்குச் சொல்லி, நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த டீ உதட்டின் இடது ஓரத்தில் வழிந்து, கழுத்து வழியாக இறங்கிச் சட்டையை நனைத்திருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில்தான் டாக்டர்கள் ஓடிவந்தார்கள்.

மூளையின் வலது பாதியில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. அதற்கு நேரக்கணக்கும் உண்டு. காலைத் தலைவலியிலிருந்து கணக்குப் பார்த்தார்கள், நேரம் தாண்டிப் போயிருந்தது. பேசத் தெரியாதவளாக இருந்திருந்தால் அவளை ஒன்பதே முக்காலுக்கே உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

வார்டில் அவளுக்கு இடப்பக்கத்துக் கட்டிலில் காய்கறி மார்க்கெட்டின் ஏலக்காரர் படுத்திருந்தார். அவருக்கு அடைத்தது இடது பாதியில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போய்விட்டது. முப்பது வருஷம் விடியலில் மூட்டைகளுக்கு நடுவே நின்று தொண்டை கிழியக் கத்தியவர். எல்லா வார்த்தையும் போன பிறகு மூன்றே மூன்று மிஞ்சியிருந்தன. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், முதுகு வலித்தாலும் அதுதான். மனைவி வந்து தலையைத் தடவும்போது மிக மெதுவாக, கொஞ்சுகிற குரலில், "ஒரு தரம்" என்பார். அதற்கு மேல் வராது. கண்ணீர் ஓடும். தன்னிடமிருந்து எது போயிற்று என்பது அவருக்கு ஒன்றுவிடாமல் தெரிந்திருந்தது.

அவர் மனைவி என்னிடம் ஒருநாள் சொன்னாள், "உங்க அக்கா எவ்வளவு அழகாப் பேசறாங்க. நீங்கள்லாம் கொடுத்து வெச்சவங்க." நானும் அப்போது அப்படித்தான் நம்பினேன். மாமாவும் நம்பினார். கை கால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும், ஆள் நம்ம ஆளாக இருக்கிறாளே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

மூன்றாம் நாள்தான் முதல் அதிர்ச்சி. போர்வைக்கு மேல் கிடந்த இடது கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தற்செயலாக அதைப் பார்த்துவிட்டு, "இத எடுத்துக்கிட்டுப் போயேன்" என்றாள்.

எதை என்று கேட்டேன்.

"உன் கையத்தான். நேத்து வந்தப்போ விட்டுட்டுப் போயிட்டே. பஸ்ல குடைய மறந்துட்டு வருவியே, அதே மாதிரி. உனக்கு எப்பவுமே ஞாபகம் கிடையாது."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு முன் நீட்டிக் காட்டினேன். எண்ணிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு. கட்டிலில் கிடந்தது மூன்று.

"அப்ப மாமாவோடதா இருக்கும். அவர்தான் ஷிப்டுக்கு அவசரமா ஓடினார்" என்றாள். முகத்தில் சந்தேகமே இல்லை.

விரலில் அவளுடைய மோதிரம் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். என் மோதிரத்தை அவர் ஏன் போட்டுக்கிட்டார் என்று அதற்கும் கோபப்பட்டாள்.

அக்காவைப் பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. எங்களை ஓர் அறைக்குக் கூப்பிட்டு, மேசைமேல் தன் இரண்டு கை முஷ்டிகளையும் சேர்த்து வைத்து மூளை என்று சொல்லி விளக்கினார். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடது பாதியில் இருக்கிறது. வார்த்தையைத் தேடுவது, கோப்பது, சொல்வது எல்லாம் அங்கேதான். ஏலக்காரருக்கு உடைந்தது அது. உடம்பு முழுவதும் தன்னுடையது, இந்த நேரத்தில் எது எங்கே இருக்கிறது, இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருப்பதில் வலது பாதிக்குத்தான் பெரிய பங்கு. அக்காவுக்கு அது போய்விட்டது.

"கை போனா, கை போச்சுன்னு தெரியணும். அதத் தெரிஞ்சுக்கற இடமும் சேர்ந்து போயிடுச்சு. பேசற பக்கம் மட்டும் நல்லா இருக்கு. அதுகிட்ட கேள்வி கேட்டா சும்மா இருக்காது, இருக்கறத வெச்சு ஒரு பதில் தயார் பண்ணிடும். அவங்க பொய் சொல்லல. அவங்களுக்கு அதான் உண்மை."

இது கண் கோளாறாக இருக்கலாமே என்று எனக்கு ஒரு நப்பாசை. என் தொழில் புத்தி அங்கேதானே போகும். மறுநாள் கடையிலிருந்து எழுத்து அட்டையைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு கண்ணாகச் சோதித்தேன். கடைசி வரியின் மிகச் சிறிய எழுத்தைக்கூடப் படித்தாள். ஆனால் ஒவ்வொரு வரியிலும் வலப்பக்கத்து எழுத்துகளை மட்டும் படித்தாள். வார்டுக் கதவில் 'மருந்தகம்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. அதில் கடைசி எழுத்துகளை மட்டும் பார்த்து 'அகம்' என்று படித்து, இது நல்ல பெயராக இருக்கிறதே, யார் வீடு என்றாள். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்பாள். தட்டைத் திருப்பி வைத்தால், இவ்வளவு சீக்கிரம் போட்டுட்டியா என்பாள். தலையில் வலது பக்கம் மட்டும் சீவிக்கொள்வாள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல் என்று சொன்ன பெண் அவள். இப்போது அவளுக்கு இடப்பக்கம் என்று ஒன்றே கிடையாது.

ஏலக்காரர் படுத்திருந்தது அந்தப் பக்கம். ஆறு வாரத்தில் அவரை அவள் ஒருமுறையும் பார்க்கவில்லை. அவரோ அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மத்தியானம் நான் மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்தேன். அவளுடைய இடது கை கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே நழுவி மாட்டிக்கொண்டது. அவள் உடம்பின் பாரம் அழுத்தி, மணிக்கட்டில் தோல் கிழிந்து, விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. அவள் எதிர்ப்பக்கத்து நோயாளியிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மாடிப்படி ஏறும்போதே குரல் கேட்டது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மார்க்கெட்டே அதிர்கிற குரல். மனுஷர் ஒரு கையால் எழுந்து உட்கார்ந்து, தன் கட்டில் கம்பியைக் குலுக்கிக்கொண்டு கத்தினார். நர்ஸ் ஓடிவந்து கையை விடுவித்தாள். புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று.

நான் உள்ளே போனபோது அக்கா சொன்னாள், "யாரோ வாசல்ல ஏலம் விட்டாங்க. என்ன சாமான்னு போய்ப் பாத்தியா?"

ஏலக்காரருக்கு என் நன்றியைச் சொன்னேன். அவர் தன் நல்ல கையால் அக்காவைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார், தலையை ஆட்டினார். அவள் நிலைமையைவிடத் தன் நிலைமை மேல் என்று சொன்னாரா, இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாரா, தெரியவில்லை. கேட்டால் பதில் அந்த மூன்று வார்த்தையாகத்தான் இருக்கும்.

உடற்பயிற்சி கொடுக்க வருகிற பையன் இரண்டு பேரிடமும் வருவான். ஏலக்காரர் அவன் வருமுன்பே தயாராக உட்கார்ந்திருப்பார். பத்து தடவை தூக்கு என்றால் இருபது தடவை தூக்குவார். வலித்தால் அழுதுகொண்டே தூக்குவார். அக்கா அவனிடம் நன்றாகப் பேசுவாள். அவன் ஊர், குடும்பம், அவனுக்கு ஏன் இன்னும் லைசென்ஸ் இல்லை என்பது வரை விசாரிப்பாள். கையைத் தூக்குங்க என்றால், தூக்கிட்டேனே என்பாள். இரண்டு கையையும் தட்டச் சொன்னால் வலது கையைக் காற்றில் ஒருமுறை வீசிவிட்டு, கேட்டுதா என்பாள். இல்லாத நோய்க்கு யார் மெனக்கெடுவார்கள்? ஆறு வாரம் கழித்து ஏலக்காரர் கோல் ஊன்றி நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது அவர் மனைவி என்னிடம் கொடுத்து வைத்தவங்க என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா ஒன்று செய்து பார்க்கலாம் என்றார். இடது காதுக்குள் மிகக் குளிர்ந்த நீரைச் செலுத்தினால், தூங்கிப்போன அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விழித்துக்கொள்வதுண்டு. சிலருக்குப் பலிக்கும், சிலருக்குப் பலிக்காது. பலித்தாலும் நிலைக்காது. இது வைத்தியம் இல்லை, எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி, அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா தயங்கினார். நான்தான் சரி என்றேன்.

காலை பதினோரு மணி. மாமாவுக்கு ஷிப்ட், நான் மட்டும் இருந்தேன். தண்ணீர் உள்ளே போனதும் அவள் கண்கள் இரண்டும் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் போய் வந்தன. தலை சுற்றுகிறது என்று வாந்தி எடுத்தாள். துடைத்து நிமிர்த்தி உட்காரவைத்தோம். டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், இடது கையைத் தூக்க முடியுமா என்று.

"முடியாது" என்றாள் அக்கா.

ஏன் என்று கேட்டார்.

"வரமாட்டேங்குது. விழுந்துடுச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்த பார்வை இல்லை அது. "எத்தன நாளா இப்படி இருக்கேன்?"

ஏழு வாரம் என்றேன். அவள் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டுப் புண்ணின் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. உழைத்துப் பழகியவளாயிற்றே, அடுத்து என்ன என்றுதான் அவளுக்கு ஓடியது. ஸ்கூல்ல வேற ஆள் போட்டாச்சா என்று கேட்டாள். அந்தத் தபால் நிலையப் பெண்ணுக்கு அடி ஏதும் இல்லையே என்று கேட்டாள். மாமா சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"இது நிக்குமா டாக்டர்?" என்றாள்.

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரம்தான் என்றார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் திரும்பவும் இல்லேன்னுதான் சொல்லுவேன். நீ விட்டுடாதே. கை விழுந்துடுச்சு, பயிற்சி பண்ணுன்னு தினமும் சொல்லு. நான் சண்ட போட்டாலும் சொல்லு. சொல்லுவியா?"

சொல்லுவேன் என்றேன்.

இருபது நிமிஷம் இருந்திருக்கும். கடைசியில் பேச்சு நடுவே மெல்ல மாறியது. எந்த இடத்தில் மாறியது என்று கவனித்துக்கொண்டே இருந்தும் என்னால் பிடிக்க முடியவில்லை. டாக்டர் மறுபடி கையைப் பற்றிக் கேட்டபோது, "கைக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு" என்றாள். சற்று முன் என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னதாகச் சொன்னாள். காதில் ஏன் தண்ணீர் விட்டீர்கள் என்று கோபித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் சிரித்தாள். மூன்றாம் நாள் கோபப்பட்டாள். அப்புறம் நான் உள்ளே வரும்போதே முகம் சுருங்கத் தொடங்கியது. கூடப் பிறந்தவளே என்னை நொண்டி என்கிறாள் என்று மாமாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஒன்பது நாள் சொன்னேன். பத்தாம் நாள் வாசல் வரை போனேன். மாமா கையெடுத்துக் கும்பிடாத குறையாக, இன்னிக்கு வேண்டாம்மா, இன்னிக்கு ஒருநாள் நிம்மதியா இருக்கட்டும் என்றார். அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், திரும்ப ஒருமுறை அந்தத் தண்ணீரை ஊற்றச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அவளுக்காக இல்லை. அந்த இருபது நிமிஷ அக்காவை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டாக்டரம்மாவிடம் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். பார்த்து அவங்களுக்கு என்ன ஆகப்போகுதும்மா என்றார்.

மூன்றாம் மாதம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நான் என் மாடி அறையைக் காலி செய்துவிட்டு அங்கே போய்விட்டேன். கடையில் அரை நாள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். தபால் நிலையப் பெண் ஒருமுறை பார்க்க வந்தாள். அக்கா அவளுக்கு ரிவர்ஸ் எடுப்பது பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாள், ஒரு வார்த்தை பிசகவில்லை. அந்தப் பெண் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே அழுதாள். தான் மறுபடி வண்டியைத் தொடவே இல்லை என்று என்னிடம் சொன்னாள்.

ஒரு சாயங்காலம், பின்கட்டில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ வண்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாராம். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நான் போய்ச் சொல்லித் தருகிறேன் என்று கட்டிலிலிருந்து எழுந்து ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறாள், இடது காலில். இடுப்பு எலும்பு முறிந்தது. தரையில் கிடந்தபடியே, யாரோ என்னத் தள்ளிவிட்டாங்க என்றாள். ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு நடப்பது என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

எட்டாம் மாதம் ஒரு காலையில் அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருப்பதே அபூர்வம் என்பதால் முகத்தைப் பார்த்தேன். வலது கை இடது கையின் மேல் இருந்தது.

"இது என் கைதானே" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"எத்தன மாசம்?"

"எட்டு."

"எட்டு மாசமும் நான் பேசினதெல்லாம் கேட்டீங்களா?"

கேட்டோம் என்றேன்.

"சிரிச்சீங்களா?"

சில சமயம் சிரித்திருக்கிறோம் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பதினோரு மணியைப் பற்றி, என்னிடம் அவள் வாங்கிய வாக்கைப் பற்றி, அவளுக்கு எந்த ஞாபகமும் இல்லை. நானும் சொல்லவில்லை. சொன்ன ஒன்பது நாளுக்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டியிருக்கும்.

உணர்வு வந்தது நல்ல அறிகுறி என்று டாக்டரம்மா போனில் சொன்னார். ஆனால் கை கால் திரும்ப வேண்டிய மாதங்கள் கடந்துவிட்டன என்றும் சொன்னார். அவள் தெரிந்துகொண்டதில் இனி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. தெரிந்தது மட்டும்தான் மிச்சம். அதன் பிறகு பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வார்த்தைகள் எங்கேயும் போகவில்லை, எல்லாம் உள்ளேதான் இருந்தன. வேண்டாம் என்று வைத்துவிட்டாள். பழைய மாணவிகள் வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னாள். ஏலக்காரரின் மனைவியிடம் ஒருமுறை பேசினேன். அவர் நடக்கிறார், இடது கையால் சாப்பிடுகிறார், ஆனால் மார்க்கெட் பக்கம் போவதில்லையாம். ஒருமுறை போன அன்று மூட்டை தூக்குகிறவர்கள் அவரை மாதிரியே அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வீட்டில் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது பயிற்சி கொடுத்த பையன் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தான். எப்போதும் அவளுடைய இடப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், சாப்பாடு, தண்ணீர், கைக்கடிகாரம் எல்லாம் இடப்பக்கம் வையுங்கள், தேடிப் பழகினால்தான் அந்தப் பக்கம் திரும்பும் என்று. ஒரு வருஷம் மாமாவும் நானும் அதை அப்படியே செய்தோம். அவளுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். குரல் எங்கிருந்து வருகிறது என்று அவள் வலப்பக்கத்துச் சுவரில் தேடுவாள். தாகம் எடுத்தால் கேட்கக்கூட மாட்டாள், தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்று சும்மா படுத்திருப்பாள்.

மாமா வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னை உதவிக்குக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகக் கட்டிலை நகர்த்தினோம். அவளுடைய இடப்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ள, வலப்பக்கம் அறையும் கதவும் நாங்களும் வருகிற மாதிரி திருப்பிப் போட்டோம். இதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. இனி அந்தப் பக்கத்திலிருந்து அவளைக் கூப்பிடப் போவதில்லை. கட்டில் கால் தரையில் உரசிய சத்தம் நின்றதும் அக்கா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா" என்றாள்.

மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். நான் தண்ணீர்க் குவளையை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, தட்டை எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன்.